இடது பக்கம் மட்டும் பாடவில்லை

சம்யுக்தாவின் அம்மா உமாராணி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் நான்கு நாள் இரவு டூட்டி. அம்மா பகலில் தூங்கும் வீட்டில் கீபோர்டு பழகுவது எப்படி? சம்யுக்தா ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் பாட்டு கேட்கவில்லை, கட்டைகளைத் தட்டும் 'டொக் டொக்' மட்டும்தான் கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வீரபாண்டி சாவியை எடுத்தார்.

"கிளம்பு தாயி. உனக்கு ஒரு ஹெட்போன் வாங்கிருவோம்."

அரபு நாட்டில் அவர்கள் குடியிருந்த முசஃபாவில் கௌஸ் முகைதீன் ஒரு செல்போன் கடை வைத்திருந்தார். கீழக்கரைக்காரர். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார்.

ஒன்றில் வெள்ளையாக, குட்டியாக, வயரே இல்லாத இயர்பட்ஸ். விலையும் குறைவு. இன்னொன்றில் காதையே மூடும் பெரிய கறுப்பு ஹெட்போன். நீளமான வயர். விலையைப் பார்த்ததும் அப்பாவின் புருவம் ஏறி இறங்கியது.

"ரெண்டும் போட்டுப் பாரும்மா. அப்புறம் சொல்லு" என்றார் கௌஸ் முகைதீன்.

சம்யுக்தாவின் கை தானாக வெள்ளைப் பெட்டிப் பக்கம் போனது. அவள் வகுப்பில் பாதிப் பேரிடம் அதுதான் இருந்தது. வயர் வைத்த ஹெட்போனோடு யாராவது வந்தால், "காது ஓடிப்போயிடும்னு கட்டி வச்சிருக்கியா?" என்று விஷால் கேட்பான்.

ஆனால் கறுப்பில் பாட்டு கேட்டபோது, அதே பாட்டில் இதுவரை கேட்காத ஒரு மணி ஓசைகூடக் கேட்டது. அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

"அப்பா, நீங்களும் கேட்டுப் பாருங்க."

அப்பா இயர்பட்ஸைச் செருகிக்கொண்டார். தலையை ஆட்டினார். பிறகு முகம் சுளித்தார்.

"பாய், இடது பக்கம் பேசலையே."

கௌஸ் முகைதீன் வாங்கித் தன் காதில் வைத்தார். "எனக்குக் கேக்குதே! சரி, வேற எடுக்கிறேன்."

புதுப் பெட்டி பிரிந்தது. அப்பா மறுபடி செருகினார்.

"இதுலயும் இடது பக்கம் போச்சு."

"யா அல்லாஹ்! இன்னைக்குத்தான் சரக்கு வந்துச்சு!"

"விலை கம்மின்னா இப்படித்தான் பாய். பெருசைக் கொடுங்க."

கறுப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "பாய், இதுவும்…"

கௌஸ் முகைதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சம்யுக்தா யோசித்தாள். மூன்று பெட்டியும் எப்படி ஒரே மாதிரி கெட்டுப்போகும்? அவள் எட்டி, அப்பா தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, வலது இடதாகத் திருப்பி மாட்டினாள்.

"இப்போ எந்தப் பக்கம் கேக்கலை?"

"அதே பக்கம்தான். இடது."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்பாவின் இடப்பக்கம் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, எனக்குப் பத்து ஒட்டகம் வாங்கித் தர்றீங்களா?"

"ம்ம்… சரி தாயி" என்றார் அப்பா, பெட்டியைப் பார்த்தபடி.

கௌஸ் முகைதீன் அவளைப் பார்த்தார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவர் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

"அங்கிள், எடுத்து வைங்க. இப்ப வந்திடறோம்."

வெளியே வந்ததும் அவள் அப்பாவின் வலப்பக்கம் போய் நின்றாள். "நான் உள்ளே என்ன கேட்டேன்?"

"ஹெட்போனைப் பத்தி என்னமோ கேட்ட."

"பத்து ஒட்டகம் கேட்டேன். சரின்னுட்டீங்க."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஹெட்போன் கெட்டுப் போகலைப்பா. உங்களுக்கு அந்தக் காது கேக்கலை."

அப்பா சாலையையே பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "சந்தேகம் இருந்துச்சு தாயி. போன வாரம் ஒர்க்‌ஷாப்புல இடது பக்கமா ஃபோர்க்லிஃப்ட் வந்துச்சு. ஹார்ன் அடிச்சிருக்கான், எனக்குக் கேக்கலை. கூட வேலை பாக்கிற ஐயப்பன்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தான்."

சம்யுக்தா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்பா யார்கிட்டயும் சொல்லலை?"

"காது கேக்காத ஆளுக்கு வேலை மாஃபி, கிடையாதுன்னு கம்பெனியில சொல்லிட்டா?"

"கம்பெனிக்கு அப்புறம் சொல்லலாம். முதல்ல டாக்டர்கிட்ட சொல்வோம். அதோ இருக்கு பாருங்க."

பக்கத்துக் கட்டடத்தில் காது, மூக்கு, தொண்டை கிளினிக் பலகை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அப்பா தயங்கினார். அவள் கையை விடவில்லை.

டாக்டர் பானுமதி ஒரு சிறு விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார். மெல்லிய இடுக்கியால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி வந்தது.

"என்ன இது, பஞ்சு மாதிரி இருக்கு?"

அப்பா நெளிந்தார். "காது மூடி போட்டா வேர்க்குது டாக்டர். இரும்பு தேய்க்கிற கிரைண்டர் ஓடுறப்ப பஞ்சு வச்சுக்குவேன்."

"அதுல ஒண்ணு உள்ளேயே தங்கி, அழுக்கோட சேர்ந்து அடைச்சிருக்கு."

பிறகு அப்பாவை ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடி வழியே சம்யுக்தா பார்த்தாள். அப்பா அழுத்தினார். மறுபடி அழுத்தினார். இடது காதின் முறை வந்தது. அப்போதும் அழுத்தினார்! அவள் மூச்சு விட்டாள்.

"நல்லாவே கேக்குது" என்றார் டாக்டர். "ரொம்ப மெல்லிசான கீச்சுச் சத்தம் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் குறைவு. அது கிரைண்டர் பண்ணின வேலை. போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தணும்னா காது மூடி போடுங்க. பஞ்சு வேண்டாம்."

"போட்டீங்களான்னு நான் தினமும் கேப்பேன்" என்றாள் சம்யுக்தா.

கடையில் கௌஸ் முகைதீன் அதே மூன்று பெட்டிகளோடு காத்திருந்தார். கீபோர்டு போலக் கட்டைகள் தெரியும் ஒரு டேப்லெட்டையும் எடுத்து வைத்திருந்தார். அப்பா இயர்பட்ஸைச் செருக, சம்யுக்தா திரையைத் தட்டினாள்.

"ரெண்டு பக்கமும் பேசுது பாய்!" என்று கடை அதிரச் சொன்னார் அப்பா. பிறகு அவள் விரலை உற்றுப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. நீ தட்டினப்புறம்தான் சத்தம் வருது. எங்க வேலை யார்டு கோடியில சுத்தியல் அடிச்சா சத்தம் லேட்டா வருமே, அந்த மாதிரி."

சம்யுக்தா வாங்கிப் போட்டுப் பார்த்தாள். ஆமாம், விரல் முன்னால், ஓசை பின்னால். வேகமாக வாசித்தால் எல்லாம் குழம்பியது. கறுப்பு ஹெட்போனின் வயரைச் செருகித் தட்டினாள். விரலும் ஓசையும் ஒன்றாக வந்தன.

"இதுதான் அங்கிள்."

"வயரு பரவாயில்லையா?"

"வயர்லதானே சத்தம் சீக்கிரமா வருது!"

திரும்பும்போது பெரிய சாலையில் வண்டி வேகமெடுத்தது. அப்பா திடீரென்று தலையைச் சாய்த்தார்.

"என்ன தாயி இது? என் இடது பக்க ஜன்னல் கண்ணாடியில யாரோ விசிலடிக்கிறான்!"

"காத்துதான்பா. ரப்பர் கிழிஞ்சிருக்கு. ரம்ஜான்லேருந்து அடிக்குது."

அப்பா கண்ணாடியை அழுத்திப் பார்த்தார். விசில் நிற்கவில்லை. வீடு வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார்.