விசிலுக்குப் பின் வரும் சத்தம்

"கண்ணு தெரியலையா ரெஃப்? அங்க பாரு, நம்ம ஏழாம்..."

நடுவர் பூங்கோதை விரலை நீட்டினாள். மூன்றாம் வரிசையில் அந்தக் குரல் பாதியிலேயே அணைந்தது.

வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைக்க அந்த மாணவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். அவனோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தவனுக்குக்கூட அது கேட்கவில்லை. பூங்கோதையின் மணிக்கட்டில் இருந்த சுட்டுவளை ஒருமுறை பச்சையாக மின்னி அடங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேலரியைத் திரும்பிப் பார்க்கும் நடுவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திட்டு கிடைக்கும் என்பது அவள் இத்தனை காலத்தில் கற்ற பாடம்.

கோயம்புத்தூர் பள்ளிகளுக்கிடையிலான கூடைப்பந்து இறுதிப் போட்டி. மூன்றாம் கால்பகுதி. வெளியே சித்திரை வெயில். உள்ளே தகரக் கூரையின் கீழ் அதைவிடப் புழுக்கம். இவ்வளவு பேர் நிறைந்த அரங்கில் பந்து தரையில் மோதும் ஓசையும் காலணிகளின் கீச்சும் மட்டும் தெளிவாகக் கேட்டன. பார்வையாளர்கள் பேசுவதானால் கிசுகிசுத்தார்கள்.

ஒலியணை வந்த முதல் போட்டிப் பருவம் இது. ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் தேன்கூடு போல ஒரு சிறிய சல்லடை. நடுவர் யாரைச் சுட்டுகிறாரோ, அவர் குரலுக்கு நேர் எதிரான அலையைச் சல்லடை அந்த நொடியே எழுப்பும். இரண்டும் மோதிக் கரையும், மிஞ்சுவது அமைதி. சுட்டப்பட்டவருக்கு வலியில்லை, அவமானமான வெளியேற்றம் இல்லை, பெற்றோருக்குக் கடிதம் இல்லை. அந்தப் பருவம் முடியும்வரை அரங்குக்குள் அவர் குரல் இருக்காது. அவ்வளவுதான்.

இதைக் கேட்டு வாங்கியவர்களில் பூங்கோதையும் ஒருத்தி. போன ஆண்டு, கோட்டில் நின்று பந்தை எறியப் போன ஒரு பெண்ணிடம், அவள் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது, "அப்பாவைக் கூப்பிடு, வந்து போட்டுக் குடுப்பாரு!" என்று கேலரி முழுதும் ராகம் போட்டுப் பாடியது. அந்தப் பெண் பந்தை மெல்லத் தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். பிறகு எந்த மைதானத்திலும் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பூங்கோதை முருகன் படத்தின் முன் விளக்கேற்றாமலே உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் வருகிறது என்றதும், தெய்வமே அனுப்பியது என்றுதான் நினைத்தாள்.

அதற்கு முன்பெல்லாம் அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் கேலரிக்கு ஏறிப் போவாள். அதிகமாகக் கத்தும் கூட்டத்தின் தலைவனைக் கண்டுபிடிப்பாள். "பேரென்ன கண்ணு? சாப்பிட்டியா? இன்னைக்கு இந்தப் பக்கம் உன் பொறுப்பு. என்னைத் திட்டிக்கோ, ஆடற புள்ளைங்களைத் திட்டாத, என்ன?" என்பாள். பாதி நாள் அது பலித்தது. மீதி நாள் பலிக்கவில்லை. "அக்கா, நமக்கு எதுக்கு அவங்களோட பேச்சு? அதுக்குப் போட்டி நடத்தறவங்க இருக்காங்கல்ல?" என்று சக நடுவர் சகாயம் சொல்வான். ஒலியணை வந்தபிறகு அவள் கேலரிப் படியில் கால் வைக்கவே இல்லை.

குரல் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. நடுவரின் கைச் சைகைகளைப் படித்து அதையே கேலியாக்கினார்கள். அவள் கைகளைச் சுழற்றினால் அவர்களும் சுழற்றினார்கள். அவள் முஷ்டியை உயர்த்தினால் முப்பது முஷ்டிகள் உயர்ந்தன. சத்தமில்லாத நையாண்டி.

பந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது. அங்கே ஒரு தள்ளு. பூங்கோதை விசிலை ஊதினாள். ஆட்டக்காரர்கள் ஓரிரு அடி கூடுதலாக ஓடிய பிறகே நின்றார்கள்.

"என்னக்கா, ஊதறதே கேக்கல?" என்றான் சகாயம்.

"மூச்சு வாங்குதுடா. வயசாகுதில்ல?"

அவள் சிரித்தாள். ஆனால் ஒரு வாரமாகவே இப்படித்தான். விசிலை இரண்டு முறை மாற்றியாயிற்று. வீட்டில் ஊதினால் பக்கத்துத் தெரு நாய் குரைக்கிறது. இங்கே அது எங்கோ தலையணைக்குள் ஊதியது போல வருகிறது.

தண்ட எறிதலுக்காக எல்லோரும் வரிசையில் நின்றபோதுதான் ஏழாம் எண் சட்டைக்காரனை அவள் அருகில் பார்த்தாள். நிரஞ்சன். நல்ல ஆட்டக்காரன், பணிவானவன். அவன் உதடு வெளுத்திருந்தது. இவ்வளவு புழுக்கத்தில் அவன் நெற்றியில் வியர்வையே இல்லை.

"என்ன தம்பி, ஒடம்புக்கு ஆகலியா?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றான். கண் எங்கோ இருந்தது.

எறிந்த பந்து வளையத்தில் மோதித் திரும்பியது. ஒருவன் தாவிப் பிடித்து முன்னால் வீச, மொத்த ஆட்டமும் மூன்றாம் வரிசை இருந்த பக்கத்துக் கூடையை நோக்கிப் பாய்ந்தது. சகாயம் அவர்களோடு ஓடினான். பூங்கோதை பின்னால் ஓடத் திரும்பியபோது நிரஞ்சன் இரண்டு அடி எடுத்து வைத்து, முகம் தரையில் பட விழுந்தான். கைகளை ஊன்றவில்லை.

அவள் ஊதினாள்.

ஒன்றும் வரவில்லை.

கன்னம் உப்ப மறுபடி ஊதினாள். விசிலுக்குள் இருந்த சிறு உருண்டை துள்ளுவதை நாக்கு உணர்ந்தது. காதுக்கு எதுவும் வரவில்லை. "நிறுத்துங்க!" என்று கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஓரத்தில் பயிற்சியாளர் எழுந்து வாயைத் திறந்தார். அவரிடமிருந்தும் ஓசை இல்லை. கேலரியில் பெண்கள் அலறுவது தெரிந்தது, கேட்கவில்லை. திடீரென்று உயரும் எந்தக் குரலையும் ஒலியணை இப்போது தானாகவே அணைத்துக்கொண்டிருந்தது.

பந்து மட்டும் ஒலித்தது. டொக், டொக். ஆட்டக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தார்கள். அவள் மண்டியிட்டு நிரஞ்சனைப் புரட்டினாள். மூச்சு இல்லை. முருகா, யாரையாவது திரும்பிப் பார்க்க வையப்பா.

அப்போது மூன்றாம் வரிசையில் அவன் எழுந்தான், அவளால் குரல் அணைக்கப்பட்ட அந்த மாணவன். வலது கையை நேராக உயர்த்தி, உள்ளங்கையை விரித்து நின்றான். கடிகாரத்தை நிறுத்தும் சைகை. அவன் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். பிறகு அந்த வரிசை, மேல் வரிசை, அதற்கு மேல். பருவம் முழுதும் அவளைக் கேலி செய்யப் பழகிய கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்து, அசையாமல் நின்றன. ஒரு கைகூடச் சிரிக்கவில்லை.

கூடையை நோக்கித் தாவப் போனவன் அந்தக் கைகளின் காட்டைப் பார்த்தான். பந்து அவனிடமிருந்து நழுவி உருண்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

சகாயம் இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

*

நிரஞ்சன் பிழைத்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். அவனுக்குக் காலையிலேயே மயக்கம் வந்திருந்தது. இறுதிப் போட்டி என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. தாரகேஷ் என்ற நண்பனிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஏழாம் எண்ணைப் பார்க்கச் சொல்லிக் கத்திய மூன்றாம் வரிசைத் தாரகேஷ்.

போட்டிச் செயலாளர் ராஜமாணிக்கத்தின் அறையில் பூங்கோதை நின்றுகொண்டே பேசினாள்.

"விசிலையே முழுங்குச்சுங்க அது!"

"உக்காருங்கம்மா மொதல்ல." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மெசின்ல கோளாறே இல்லீங்க. ஒவ்வொரு சத்தத்தையும் அடக்கறதுக்குப் பதிலா, எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு கத்துக்கிட்டிருக்குது. பாருங்க, பருவம் பூரா. விசில் ஊதினா கேலரி கத்துது. எப்பவும் மொதல்ல விசில், அப்புறந்தான் சத்தம். அப்ப மூலம் எது? நீங்கதான்!"

"அதனால அந்தப் பையன் செத்திருப்பானுங்க."

"விசிலுக்கு விலக்குக் குடுத்தாச்சு, போதுமா? இன்னொண்ணும் சேத்திருக்கறோம்." அவர் குரலில் பெருமை தெரிந்தது. "அன்னைக்கு அத்தனை பேரு கையைத் தூக்குனாங்களே, கலவரமாயிருந்தா என்ன ஆறது? இனி ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால தரைக்குள்ள ஒரு நிழல்கண்ணாடி. கை தூக்குனா மேல எழும்பி இருட்டாக்கி மறைச்சிரும்."

"ஐயா, அந்தக் கைதானுங்க காப்பாத்துச்சு. வேண்டாமுங்க, கழட்டிருங்க. நான் பழையபடி அவங்ககிட்டப் பேசிக்கறேன்."

"பேசி?" அவர் சிரித்தார். "போன வருசம் பேசி என்னத்தக் கண்டீங்க?"

அந்தப் பெண் பந்தைத் தரையில் வைத்தது நினைவுக்கு வந்தது. அன்று பூங்கோதை கேலரிக்கு ஏறியிருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று நேரே களத்துக்குப் போயிருந்தாள். அதை இப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

*

நின்றுபோன இறுதிப் போட்டியை அடுத்த வாரம் மீண்டும் நடத்தினார்கள். பூங்கோதை சுட்டுவளையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பருவத்தில் முதன்முறையாகக் கேலரிப் படியில் ஏறினாள்.

மூன்றாம் வரிசையில் தாரகேஷ் எழுந்து நின்றான்.

"தாரகேஷ்தானே கண்ணு? சாப்பிட்டியா?"

அவன் ஏதோ சொன்னான். குரல் வரவில்லை, அவள் அணைத்தது, பருவம் முடியும்வரை வராது. அவன் அதை மறந்து பேசிவிட்டு வெட்கத்தோடு சிரித்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்ல வந்ததை நான் கேக்கல. தப்பு என்னுது. மனசுல வெச்சுக்காத சாமி."

அவன் தலையை வேகமாக ஆட்டினான். அவன் பின்னால் யாரோ கைதட்டினார்கள். அடுத்து இன்னொருவர். பிறகு குரல் உள்ளவர்கள் எல்லோரும் எழுந்து ஆரவாரித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அந்த அரங்கில் கேட்ட முதல் மகிழ்ச்சி அது. பூங்கோதையின் கண் நிறைந்தது. இருக்கைகளின் முதுகில் சல்லடைகள் ஒவ்வொன்றாகப் பச்சை மின்னியதை அவள் கவனிக்கவில்லை.

ஆரவாரம் விளக்கணைத்தது போல நின்றது. தட்டும் கைகள் தெரிந்தன, தட்டல் கேட்கவில்லை.

"நல்லாயிருங்க எல்லாரும்" என்று அவள் சொன்னாள். சொன்னதாக நினைத்தாள். தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது, அவ்வளவுதான். கேலரியில் எழுந்த மிகப் பெரிய சத்தம் எங்கிருந்து தொடங்கியது என்று ஒலியணை கண்டுகொண்டுவிட்டது. விசிலுக்குத்தான் விலக்கு. அவளுக்கு இல்லை.

அவள் வேறு வழி தெரியாமல் கைகுவித்துக் கும்பிட்டாள்.

தாரகேஷ் பார்த்தான். அவனும் கைகளைக் குவித்து உயர்த்தினான். அவன் வரிசையும், மேல் வரிசையும், அதற்கு மேலும்.

அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே, தரையிலிருந்து கரிய கண்ணாடி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.