கொட்டாங்கச்சி வீட்டு ரவுடி

சதுரங்கப்பட்டினத்து மீனவர் ஏசுபாதத்துக்குத் தெரியாத மீனே கடலில் கிடையாது. தண்ணீர் லேசாகச் சுழித்தால் போதும், கீழே போவது சங்கராவா வஞ்சிரமா, அது காலையில் என்ன தின்றது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டே இரண்டு குள்ள சிக்லிட் என்கிற அலங்கார மீன்களை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டார்.

ஒன்று விரல் நீளம். சிவப்பு வால், மகாராஜா நடை. இன்னொன்று அதில் பாதி. அந்தப் பாதிதான் தொல்லை. திடீரென்று எலுமிச்சம்பழம் போல மஞ்சளாகி, பெரியதை விரட்டி விரட்டிக் கடித்தது. மகாராஜாவின் வால் கந்தலாகிவிட்டது.

"இது ரவுடி. நாளைக்குக் கடையில குடுத்துட்டு வேற வாங்கினு வரேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் ஏசுபாதம்.

மகள் ஜெனிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளைப் பார்க்கக் கண்ணாடிக்கு ஓடி வருவது அந்தக் குட்டி மஞ்சள்தான். அதைப் போய் எப்படிக் கொடுப்பது?

தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். கண்ணைச் சிமிட்டவேயில்லை. வழிந்த கண்ணீரில் இன்னொரு தொட்டியே நிரம்பியிருக்கும்.

பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. பெரியது மூலையில் நின்றால் மஞ்சள் கண்டுகொள்ளவில்லை. தொட்டிக்குள் வாசல்போல ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சிப் பக்கம் வந்தால்தான் பாய்ந்தது. விரட்டிவிட்டு மறுபடி கொட்டாங்கச்சிக்குள் நுழைந்துகொண்டது.

ஜெனிட்டா கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தாள். கொட்டாங்கச்சிக் கூரையில் கடுகைவிடச் சின்னதாகச் சிவப்பு முட்டைகள். மஞ்சள் துடுப்பை ஆட்டி அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது.

"நைனா, இது ரவுடி இல்ல. அம்மா. உள்ள முட்ட வச்சிகீது."

ஏசுபாதம் குனிந்து பார்த்தார். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்பதால் வேறு வேறு இனம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவை புருஷன் பெண்டாட்டி என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தலையைச் சொறிந்தார்.

"சரி பாப்பா. குஞ்சு வர்றதுக்குள்ள பெருசு செத்துப் பூடுமே, அதுக்கு இன்னா பண்றது?"

அதுவும் நியாயம்தான். சின்னத் தொட்டியில் அது எங்கே ஓடும்?

ஜெனிட்டா கிழிந்த நெத்திலி வலையில் ஒரு துண்டு வெட்டினாள். உப்பெல்லாம் போகிற வரைக்கும் குழாயடியில் அலசினாள். அதை இரண்டு பழைய ஸ்கேலில் கட்டித் தொட்டி நடுவே நிறுத்தி, அடியில் கூழாங்கற்களை அடுக்கினாள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. சண்டைக்கு வழியில்லை.

கந்தல் வால் மெல்ல வளரத் தொடங்கியது. அப்புறம் ஒருநாள், மஞ்சள் வெளியே வந்தது. பின்னால் தூசு பறப்பதுபோல் குஞ்சுகள். ஐம்பது இருக்கும். ஏசுபாதம் குப்பம் முழுக்க ஐந்நூறு என்று சொல்லிவிட்டு வந்தார். குப்பமே திரண்டு வந்தது.

"பச்சப்புள்ளங்க இருக்கிற வூடு. யாரும் கிட்ட போவாதீங்க" என்று எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, குஞ்சுகளை எண்ணிக் காட்டத் தன் விரலைக் கண்ணாடியில் வைத்தார் அவர்.

மஞ்சள் அம்மா பாய்ந்து வந்து விரலுக்கு நேராக 'டொக்' என்று முட்டியது.

சுறாவைப் பார்த்தே அசையாத ஏசுபாதம் இரண்டே எட்டில் பின்வாங்கி, ஜெனிட்டாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.