ஏழாவது சிவப்பு நாடா

கணக்குப்பிள்ளை என்றதும் மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கணக்குப்பிள்ளைக்கு வயது ஒன்பது. இரட்டைப் பின்னல் போட்டவள். படி ஏறினால் படிகளை எண்ணுவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் சட்டைப் பொத்தான்களை எண்ணுவாள். அப்பாவுக்குச் சளி பிடித்தபோது அவருடைய தும்மல்களைக்கூட விடவில்லை. அதனால்தான் அப்பா அந்தப் பெயரை வைத்தார்.

அவளுடைய அம்மா ஒரு தச்சர். அவர் செய்வது மேசையோ நாற்காலியோ இல்லை. விமானத் திடலில் ஒரு தகரக் கொட்டகைக்குள், இறக்கையே இல்லாத விமானம் ஒன்றை ஐந்து பேராகச் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். அடிப்பக்கம் உருண்டை, மேல்பக்கம் தட்டை, பின்னால் இரண்டு வால். பார்த்தவர்கள் எல்லாம் அதைப் ‘பறக்கும் செருப்பு’ என்று கேலி செய்தார்கள்.

ராக்கெட் என்றால் ஒரு தடவை போனதோடு சரி என்றிருந்த காலம் அது. ராக்கெட் மாதிரி மேலே போய், விமானம் மாதிரி ஓடுபாதையில் வந்து இறங்கினால் திரும்பத் திரும்பப் போகலாமே என்று சிலர் கனவு கண்டார்கள். செருப்பு அந்தக் கனவின் முதல் அடி.

“அதுக்கு ஏன்மா இறக்கை இல்ல?” என்று கணக்குப்பிள்ளை ஒருநாள் கேட்டாள்.

“விண்வெளியில இருந்து வேகமா திரும்பி வரும்போது காத்து நெருப்பா சுடும். மெல்லிசான இறக்கை கருகிடும். அதான் உடம்பையே இறக்கையா ஆக்கிப் பாக்குறோம்.”

“அப்படிப் பறக்குமா?”

“தெரியல. தெரிஞ்சுக்கத்தான் செய்யறோம்.”

பெரியவர்கள் ‘தெரியல’ என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்தப் பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

செருப்பின் உடம்பில் பட்டாணி அளவில் ஏழு ஓட்டைகள் இருந்தன. சாயம் பூசுவதற்கு முன்பே, ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை வைத்து அவள் எண்ணியிருந்தாள். அவற்றுக்குள் நுழையும் காற்றுதான் வேகத்தையும் உயரத்தையும் விமானிக்கு முன்னால் இருக்கும் கருவியின் முள்ளுக்குச் சொல்லும். ஒன்று அடைத்தாலும் முள் பொய் சொல்லும். சாயம் பூசும்போது ஓட்டைகளை ஒட்டுத்தாளால் மூடி, ஒவ்வொரு தாளிலும் ஒரு சிவப்பு நாடாவைத் தொங்கவிடுவார்கள். பறப்பதற்கு முன் நாடாவை இழுத்தால் ஒட்டுத்தாளும் கையோடு வந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. பெரிய விமானம் ஒன்று செருப்பைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய், உயரத்தில் விட்டுவிடும். செருப்புக்கு எஞ்சின் கிடையாது. அதற்குள் உட்காரப் போகிறவர் அம்மாவின் தம்பி, அவளுடைய சொந்த மாமா.

அந்தக் குழுவின் பொறியாளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அவர் சரியான முசுடு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாடா ஏதாவது தொங்குகிறதா என்று கேட்டார். எதுவும் தொங்கவில்லை என்று பதில் வந்தது. அவரும் குறித்துக்கொண்டார்.

கழற்றிய நாடாக்கள் மேசைமேல் கிடந்தன. கணக்குப்பிள்ளையின் கண் சும்மா இருக்குமா? ஆறு. திரும்ப அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாள். அப்போதும் ஆறுதான்.

நேற்று செருப்புக்குச் சாயம் பூசியது அம்மா. கத்திச் சொன்னால், இத்தனை பேர் முன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் மாமா என்ன ஆவார்? பெரிய விமானத்தின் எஞ்சின் உறும ஆரம்பித்துவிட்டது.

அவள் கத்தவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி, அம்மாவின் கையைப் பிடித்துக் காதருகே சொன்னாள். “அம்மா, ஓட்டை ஏழு. நாடா ஆறுதான் இருக்கு.”

அம்மாவின் முகம் வெளுத்துப் போனது. நேற்று ஒரு நாடா சாய டப்பாவுக்குள் விழுந்து நனைந்துவிட்டது. ஒட்டுத்தாளை விட்டுவிட்டு நாடாவை மட்டும் பிய்த்துப் போட்டுவிட்டு, வேறொன்று கட்டலாம் என்று நினைத்தவர் அப்படியே மறந்துபோனார். இப்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு விமானத்தின் முன்னால் ஓடினார்.

“நிறுத்துங்க! ஒரு ஓட்டை மூடியிருக்கு. என் தப்புதான்!”

பொறியாளர் செருப்பின் அடியில் மல்லாந்து படுத்து, வெள்ளைச் சாயத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். சாயத்தோடு ஒட்டுத்தாள் உரிந்து வந்தது. இடி விழப்போகிறது என்று கணக்குப்பிள்ளை பயந்தாள்.

அவர் எழுந்து தூசியைத் தட்டினார். பட்டியலில் ‘நாடா தொங்குகிறதா?’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘ஏழு நாடாவும் வந்ததா?’ என்று எழுதினார். பிறகு அம்மாவிடம், எப்போதும் போலக் கயிற்று முடிச்சைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். கடைசியில் அவர் கணக்குப்பிள்ளையிடம் திரும்பினார்.

“கயிறு விட்டதுல இருந்து சக்கரம் தரையைத் தொடுற வரைக்கும் நொடியை எண்ணு. என் கடிகாரமும் உன் கணக்கும் ஒத்துவருதான்னு பாப்போம்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

செருப்பு மேலே போனது. சின்னதாகி, கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளியானது. கயிறு விட்டது. ஒரு சத்தமும் இல்லை. புள்ளி கல் மாதிரி கீழே வந்தது. அம்மா அவள் தோளை இறுக்கிப் பிடித்தார். அப்போது அந்த மொண்ணை மூக்கு மெல்ல நிமிர்ந்தது. இறக்கையே இல்லாத அந்த மர உடம்பு காற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது போல மிதந்து வந்தது. அவர்கள் தலைக்கு மேலே ஒரு பெருமூச்சின் சத்தத்தோடு கடந்து போனது. அதன் நிழல் ஓடுபாதையில் கூடவே ஓடியது. நிழலும் சக்கரமும் ஒன்றையொன்று தொட்டன. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏனென்று தெரியாமல் அழுகையும் வந்தது.

மாமா இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். “எத்தனை நொடி ஆச்சு, கணக்குப்பிள்ளை?”

அவள் விழித்தாள். “ஐயோ மாமா, எண்ண மறந்துட்டேன்.”

எல்லோரும் பொறியாளரைப் பார்த்தார்கள். அவர் தன் கையிலிருந்த நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அதன் முள் பூஜ்யத்திலேயே நின்றிருந்தது. அன்றுதான் அந்த முசுடு சிரித்து எல்லோரும் பார்த்தார்கள்.