பனிப்புயலில் தொலைந்த மச்சம்

பகல் 2.40. சின்ன ஊர் கிளினிக்கில் டாக்டர் பென்னர் மேசையைப் பார்த்தார். புட்டி இல்லை.

கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் புட்டி. அதற்குள், மருந்து நீரில், அரை மணிக்கு முன் மெர்லாவின் முதுகிலிருந்து வெட்டி எடுத்த மச்சம். கனடாவின் ரெஜைனா நகரில் உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டியது.

"இன்னொரு துண்டு வெட்டி அனுப்ப முடியாதா?" காவலர் ரியா டெஜார்லே கேட்டாள். பனிப்புயலால் நெடுஞ்சாலையை மூடிவிட்டு 1.30-க்கு இங்கே ஒதுங்கியவள்.

"முழுசா எடுத்தாச்சு. இருந்தது அது ஒண்ணுதான்."

மெர்லா கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். "அப்போ அது புத்துநோயா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாதா?"

டாக்டர் ரியா பக்கம் திரும்பினார்.

"நான் அடுத்த அறையில போன்ல இருந்தப்பதான் போயிருக்கு" என்றார்.

"யாரோ வந்தாங்க. கதவு திறந்த காத்து முதுகுல பட்டுச்சு, காலடிச் சத்தமே கேட்கல" என்றாள் மெர்லா.

வாசலிலிருந்து இருபதடியில் வண்டிகள் நின்றன. அதற்கப்பால் வெள்ளைச் சுவர்போலப் புயல். யாரும் தப்பிப் போக வழியில்லை. காத்திருப்பு அறையில் இருவர்: கூரியர் ஓட்டுநர் கோர்ட்; மெர்லாவுக்குத் துணையாக அவள் காரில் வந்த அண்ணன் மனைவி கொலீன், அழகு நிலையம் வைத்திருப்பவள். எல்லோரும் வெறும் சாக்ஸில். பூட்ஸ்கள் வழக்கம்போல வாசலில், பனி உருகி வடியும் தட்டில்.

பைகள், கோட்டுகள், குப்பைக்கூடை, கழிப்பறை. ரியா அத்தனையும் பார்த்தாள். கிடைக்கவில்லை.

2.55.

"கோர்ட், எங்கே போனீங்க?"

"2.20-க்கு வெளியே போய், இஞ்சினைச் சூடா வைக்கிற ஹீட்டருக்கு மின்சாரப் பிளக் சொருகினேன். வண்டி உறைஞ்சா வசந்தகாலம் வரைக்கும் நீங்கதான் எனக்குச் சோறு போடணும்."

"யாரைப் பார்த்தீங்க?"

"உள்ளே வரப்ப கொலீன் பூட்ஸ்கிட்ட குனிஞ்சு நின்னா."

கொலீன் முந்திக்கொண்டாள். "நானும் பிளக் சொருகத்தான் கிளம்பினேன். அவர் வந்தப்புறம் போயிட்டு வந்தேன். மைனஸ் முப்பத்தஞ்சுல மெர்லா காரை அப்படியே விட முடியுமா?"

ரியா உள்ளே போய் டாக்டரிடம் கேட்டாள். "அந்த மச்சத்துல ஏதாவது விசேஷம்?"

"அடியில பழைய தழும்பு. யாரோ முன்னாடி சுட்டிருக்காங்க. கேட்டா, உடுப்பு உரசினதுன்னு சொல்றா."

மெர்லா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

3.10. ரியா வாசல் தட்டருகே நின்றாள்.

"கோர்ட் பூட்ஸைச் சுத்தி உருகின பனி குளம் கட்டி நிக்குது. உங்களது காய்ஞ்சு கிடக்கு, கொலீன். நீங்க வெளியே போகவே இல்ல."

ரியா தட்டின் முன் குனிந்தாள்.

"வெளியே போகாதவங்களுக்கு பூட்ஸ்கிட்ட என்ன வேலை? ஒளிச்சு வைக்கிற வேலை. தினம் எல்லாரும் கழட்டிப் போடற இடம். நானே பார்க்காம விட்டுட்டேன்."

கொலீனுடைய இடது பூட்ஸின் கம்பளி உள்ளுறைக்குள் கையை விட்டாள். புட்டி வந்தது. மூடி திறக்கப்படவில்லை.

கொலீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன கோடையில நான்தான் என் கடையில லேசர்ல சுட்டேன். சின்ன மச்சம்தானேன்னு நினைச்சேன். கிறிஸ்துமஸுக்குள்ள திரும்ப முளைச்சுடுச்சு. ரிப்போர்ட் கெட்டதா வந்தா, ஆறு மாசம் என்னாலதானே வீணாப் போச்சு?"

"மச்சம் எடுக்கிறதுல பெரிய ஆபத்து இல்ல" என்றார் டாக்டர். "எடுத்தது என்னன்னு பார்க்காம விடறதுதான் ஆபத்து. நீங்க அதைப் போன கோடையில செஞ்சீங்க, இன்னைக்கு மறுபடியும் செய்யப் பார்த்தீங்க."

5.20. பனி அள்ளும் வண்டி வந்து பாதையைத் திறந்தது. புட்டி உறையாமலிருக்க, கோர்ட் அதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"புகார் எழுதிக்கட்டுமா?" ரியா கேட்டாள்.

"முதல்ல ரிப்போர்ட் வரட்டும். ரெண்டு வாரம்." மெர்லா கார்ச் சாவியைக் கொலீன் மடியில் போட்டாள். "முதுகுல ஏழு தையல். நீதான் ஓட்டணும்."

"மெர்லா, நான்..."

"பூட்ஸைப் போடு. வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர் இருக்கு. நடுவுல நீயும் இறங்க முடியாது, நானும் இறங்க முடியாது. சொல்ல வேண்டியதை வண்டியில சொல்லு."