டாஷ்போர்டுக்குக் கீழே

ஆகஸ்ட் 12, புதன்

நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. காரில் பெட்ரோல் குழாயைத் திறந்து மூடும் டேப் துருப்பிடித்து இறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். பித்தளைக்குத் துருப்பிடிக்காது. மெக்கானிக் வேலை பழகும் மாலை வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. இன்று காலை டேப்பைக் கழற்றி உள்ளேயிருக்கும் கூம்பை வெளியே எடுத்தேன். துரு என்ன, களிம்புகூட இல்லை. புதுச் சாவி போலப் பளபளத்தது. ஆனாலும் வண்டியில் இருந்தவரை அது அசையவில்லை.

அந்தக் காலத்து வண்டி. டாங்கி டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் தானாகவே இறங்கி என்ஜினுக்குப் போகும். வழியில் இந்த டேப், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருபவரின் முழங்காலுக்கு நேரே. போன வருடம் என்ஜின் தீப்பிடித்தபோது அண்ணன் வெளியே ஓடியிருக்கலாம். ஷெட் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் புகைக்குள் குனிந்து டேப்பை மூடினான். டாங்கி வெடிக்கவில்லை. வீடு தப்பியது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார்.

எரிந்த ஒயரையும் சீட்டையும் அப்பா மாற்றிவிட்டார். ஆனால் நான் வகுப்புக்குக் கிளம்பியதும் அம்மா போய் அந்த வண்டியில் உட்கார்ந்துவிடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. வண்டி போனால்தான் அவள் வீட்டுக்குள் திரும்புவாள் என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாங்க வருகிறார். ஓட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். டேப் திறந்தால்தான் ஓடும். அந்த வேலை என் தலையில்.

டேப்பை வகுப்புக்கு எடுத்துப் போனேன். மாஸ்டர் சுண்டுவிரலால் திருப்பினார். எல்லாவற்றையும் எழுதி வைப்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் டைரி.

"என்ன டைரி, வெண்ணெய் மாதிரி சுத்துது. இதுக்குப் போயா அழுதே?"

"வண்டியில மாட்டினா சுத்தல மாஸ்டர்."

"நட்டை இறுக்கியிருப்பே. உனக்குத்தான் எல்லாத்துலயும் சந்தேகமாச்சே, ஒரு சுத்து கூடவே போட்டிருப்பே." எல்லோரும் சிரித்தார்கள். "இப்பவே போய் மாட்டிப் பாரு. நாளைக்கு வந்து சொல்லு."

அவர் சொன்னது சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஷெட்டில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள்.

"கையில என்னம்மா?"

"குக்கர்ல பட்டுடுச்சு."

போன வாரமும் குக்கர்தான்.

நான் தரையில் மண்டியிட்டு, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே நுழைத்து, புதுத் தோல் சீட்டின் வாசனையும் பழைய கிரீஸின் வாசனையும் அவற்றுக்கு அடியில் எங்கோ தலைமுடி பொசுங்கியது போன்ற இன்னொரு வாசனையும் மூக்கில் ஏற, டேப்பை அதன் இடத்தில் பொருத்தி, நட்டை மாஸ்டர் சொன்னபடி லேசாகவே விட்டேன். மூடிய நிலை. பிடியைத் திறக்கும் பக்கம் தள்ளினேன்.

அசையவில்லை.

நட்டை இன்னும் தளர்த்தினேன். இரண்டு கையாலும் தள்ளினேன். ஒரு நூலளவு போனது. பிறகு திரும்பி வந்தது. அழுத்தத்தைக் குறைத்தேன். எதிர்ப்பும் குறைந்தது. கூட்டினேன். கூடியது. பித்தளை அப்படிச் செய்யாது. என் கணக்கில் ஏதோ தப்பு என்று மறுபடி பார்த்தேன். தப்பு இல்லை.

பிடி சூடாக இருந்தது.

என்ஜின் ஓடி ஒரு வருடம். டாங்கியில் ஒரு சொட்டு இல்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. என் விரல்களுக்கு மேலே வேறு விரல்கள். நான் கையை இழுத்தேன். வரவில்லை.

"முரட்டுத்தனமா இழுக்காதே," என்றாள் அம்மா, மேலிருந்து, மெதுவாக. "அவனுக்கு வலிக்கும்."

என் கை விடுபட்டது. அவள் துணியை அவிழ்த்தாள். குனிந்து, தன் உள்ளங்கையைப் பிடியின்மேல் வைத்தாள். தோலில் தோல் ஒட்டும் சின்னச் சத்தம் கேட்டது. அவள் முகம் சுளிக்கவில்லை.

"இன்னும் எரியுதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான். அணைஞ்சிடுச்சுப்பான்னு தினம் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறான்."

"அம்மா, வா. உள்ள போகலாம்."

"சரியாயிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிடாதேடி. வண்டியை அனுப்பிடுவாரு. இவனை யாரோ ஒருத்தர் வீட்டுல, எரிஞ்சுக்கிட்டே, தனியா விடச் சொல்றியா?"

அவள் கையின் புறத்தோலில் நான்கு பள்ளங்கள் விழுந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஆழமாகின. வெளுத்தன. ஐந்தாவதாகக் கட்டைவிரல். அம்மா மறு கையால் அதற்கு மேலிருந்த வெற்றிடத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், தூங்க வைப்பது போல.

நாளை: வாங்க வருபவருக்குப் போன் செய்து, டேப் சரியாகவில்லை என்று சொல்ல வேண்டும். தீப்புண் மருந்து, இரண்டு டியூப். வகுப்புக்குப் போகப் போவதில்லை. மாலையில் அம்மா படுத்துத் தூங்கட்டும். நாளைக்கு என் முறை.