நடாத மரத்தின் சாட்சி

"வீ...ல்!"

மூன்றாம் மாடியில் கிளம்பிய அலறல், தரைத்தளத்தில் பொறுப்பு குடித்துக்கொண்டிருந்த காபியை அவன் சட்டையிலேயே கொட்ட வைத்தது.

பகல் பன்னிரண்டு பத்து!

பொறுப்பு என்பது அவன் பெயர் அல்ல. அந்தப் பெரிய ஹோட்டலில் அவன் 'சமூகப் பொறுப்பு அதிகாரி'. முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் வெறும் பொறுப்பு. இதைக் கேட்டால் அவன் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போகிற ஆள்!

படியேறி ஓடினான். மூன்றாம் மாடி வருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினான். நம் கதாநாயகன் இவ்வளவுதான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

312-ஆம் அறை வாசலில், அந்த மாடியைச் சுத்தம் செய்கிற அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"சார்... ரூம் காலி பண்ற நேரம் ஆச்சேன்னு திறந்தேன்... உள்ள..."

உள்ளே... கம்பளத்தில் குப்புறக் கிடந்தார் விருந்தாளி. பின்மண்டையில் காய்ந்துபோன ரத்தம்!

கதவுக் கைப்பிடியில் ஒரு பச்சை அட்டை.

'இன்று என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம். பதிலாக என் பெயரில் ஒரு மரம் நடுங்கள்!'

 அந்த அட்டை பொறுப்பின் மூளையில் உதித்த யோசனை. போன வருடம் அதற்காக ஹோட்டலுக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

அரை மணி நேரத்தில் போலீஸ். இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. கண்ணாலேயே பாதி விசாரணையை முடித்துவிடுவார் போலிருந்தது.

"திங்கக்கிழமை மத்தியானமே செத்திருக்கார். இன்னிக்கு வியாழன்! மூணு நாளா ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையா?"

"பச்சை அட்டை தொங்கினா கதவைத் தட்டக் கூடாதுன்னு உத்தரவு மேடம்," என்றார் மேனேஜர். "உத்தரவு போட்டது இவர்தான்!"

பொறுப்பு கம்பளத்தைப் பார்த்தான். அங்கே பிணம் இருந்ததால் கூரையைப் பார்த்தான்.

மேனேஜரின் வாக்குமூலத்தை எழுதி நீட்டினார் இன்ஸ்பெக்டர். மேனேஜர் முகம் சுளித்தார்.

"வயசுங்கற கட்டம் காலியா இருக்கே மேடம்! கட்டம் காலியா இருந்தா எனக்குச் சோறு இறங்காது."

சட்டைப்பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து, தானே நிரப்பி, கீழே சுருள் சுருளாய் ஒரு கையெழுத்தும் போட்டார்.

"செத்தவர் யார் தெரியுமா?" இன்ஸ்பெக்டர் பெட்டியிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்தார். "இந்த வருஷ விருதுக்காக உங்க ஹோட்டலை ரகசியமாப் பார்க்க வந்த நடுவர்!"

அக்காவின் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை ஒண்ணு இருபதுக்கு இந்தக் கதவை மாடிப் பொதுச் சாவி போட்டுத் திறந்திருக்காங்க. பூட்டுல பதிவாகியிருக்கு. அந்தச் சாவி உன்கிட்டதானே?"

"சாப்பிடப் போறப்ப மேனேஜர் சார்கிட்ட கொடுத்துட்டுப் போவேன் மேடம்! அன்னிக்கும் கொடுத்தேன்!"

"அன்னிக்குக் கொடுக்கலை," என்றார் மேனேஜர்.

"அய்யோ... உங்க கையிலதானே சார் கொடுத்தேன்!"

"வண்டியில ஏத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா பொறுப்பைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்க சார்! நாலு மணிக்கு என் பொண்ணுங்க ஸ்கூல்லேர்ந்து வந்துடும். கதவைத் திறக்க ஆள் இல்ல சார்!"



அவளைக் காப்பாற்ற அவனால் முடியும். அதுதான் வம்பே!

மரம் வேண்டும் என்கிற விருந்தாளி தினமும் காலையில் ஒரு சீட்டு எழுதி அட்டையில் செருகி வைக்க வேண்டும். அக்கா அதை எடுத்து வந்து பொறுப்பிடம் கொடுப்பாள். 312-லிருந்து செவ்வாயன்றும் புதனன்றும் சீட்டு வந்தது.

திங்களன்று செத்தவர் செவ்வாயன்று எப்படி எழுதுவார்? யாரும் கதவைத் திறக்காமலிருக்கக் கொலைகாரன்தான் எழுதியிருக்க வேண்டும்!

அக்காவுக்கோ தன் பெயரைத் தவிர ஒரு வரி எழுத வராது.

ஆனால் அந்தச் சீட்டை எடுத்தால்...

"மரமாவது மண்ணாவது! எண்ணிக்கை எழுதினா போதும்யா. சீட்டை அன்னன்னிக்கே கிழிச்சுடு!" இது முதல் நாளே மேனேஜர் சொன்னது. பொறுப்பும் 2,114 மரங்கள் என்று கணக்குக் காட்டியிருந்தான். நட்டது ஒன்றுகூட இல்லை. சீட்டு வெளியே வந்தால் அந்த வண்டவாளமும் வெளியே வரும். வேலை போகும். கம்பியும் எண்ண நேரலாம்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒன்றும் ஆகாது. அவளுக்குத்தான் ஆகும்.

லிஃப்ட் கதவு திறந்தது. அக்கா உள்ளே போகப் போனாள்...

"மேடம்! ஒரு நிமிஷம்!"

ஓடினான். திரும்பி வந்தபோது மேஜை டிராயரையே உருவிக் கொண்டுவந்திருந்தான். அது நிறையச் சீட்டுகள்!

மேனேஜர் முகம் வெளுத்தது.

"கிழிச்சுட்டேன்னு சொன்னியேய்யா!"

"சோம்பேறித்தனம் சார்... மன்னிச்சுக்குங்க."

எல்லாவற்றையும் சொன்னான். மரம் இல்லாததையும் சேர்த்து.  

இன்ஸ்பெக்டர் இரண்டு சீட்டுகளையும் தேடி எடுத்தார். அறை எண், தேதி, பெயர், எந்த மரம்... எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன.

"கடைசியில இதென்ன, 'சரிபார்த்தவர்'?"

"அது எங்க ஆபீஸ் கட்டம் மேடம். யாரும் நிரப்ப மாட்டாங்க. எல்லாச் சீட்டுலயும் காலியாத்தான்..."

பொறுப்பு எட்டிப் பார்த்தான். 

பச்சை மை... சுருள் சுருளாய் ஒரு கையெழுத்து!

இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே மேனேஜரின் வாக்குமூலத்தை வைத்தார். அச்சாக அதே கையெழுத்து!

"அது... காலியா இருந்தது மேடம்," மேனேஜரின் குரல் கம்மியது. "பார்த்துட்டு எப்படி சும்மா விடறது?"

அப்புறம் தானாகவே கொட்டினார்.

"மரத்தைக் காட்டுன்னு ஒரே அடம்! நம்ம கேடயத்தை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். இதுக்கு நிழல் இருக்கான்னு கேட்டு நக்கல் பண்ணினார். அதாலேயே ஒண்ணு போட்டுட்டேன்!"

"பிணத்தை ஏன் அப்படியே விட்டீங்க?"

"அழுக்குத் துணி வண்டியில வெளிய தள்ளிட்டுப் போகலாம்னுதான் பார்த்தேன். அதுக்கு ஒரு படிவம் உண்டு மேடம். 'உள்ளே இருப்பது என்ன'ன்னு ஒரு கட்டம்... நான் என்னன்னு எழுதறது?"

லிஃப்டில் இப்போது மேனேஜர் ஏறினார். அக்கா விலகி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பொறுப்பிடம் ஒரு தாளை நீட்டினார்.

"உங்க வாக்குமூலம். அந்த மரக் கணக்குக்குத் தனியா ஒரு நாள் வந்து பதில் சொல்லணும். இப்ப கையெழுத்துப் போடுங்க... அட, 'தொழில்'ங்கற கட்டம் காலியா இருக்கே. என்ன எழுதட்டும்?"

பொறுப்பு தலையைச் சொறிந்தான்.

"அரை மணி நேரம் முன்னாடி கேட்டிருந்தா பெரிசா சொல்லியிருப்பேன் மேடம். இப்ப என்ன சொல்றதுன்னு தெரியலை."

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"குழி வெட்டறவர்னு எழுதிக்கோங்க மேடம். ரெண்டாயிரத்து நூத்திப் பதினாலு பாக்கி இருக்கு!"