பதினோரு நாள் அணையாத திரை

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே நாலாவது தெரு. அப்துல் ரசாக் ஸ்கூட்டரை நிறுத்தியபோது பொன்னுரங்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வயது அறுபத்திரண்டு. மனைவி போய் ஐந்து வருஷம். மகன் சம்பத் போய்ப் பதினோரு நாள்.

அவர் அழவில்லை. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார். சொந்தக்காரர்கள் கட்டிக்கொண்டு அழுதபோதும் அப்படித்தான் நின்றார். உடம்புக்குள் எதுவோ மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"பேட்டரி வேலை செய்யலன்னு சொன்னீங்களே, அதுவா சார்?" என்றான் ரசாக். தாம்பரத்தில் டி.வி., கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன்.

"அதான். உள்ள கீது, வா பாய்."

சம்பத்தின் அறையில் ஊதுவத்தி நாற்றமும் மூடிக் கிடந்த ஜன்னலின் புழுக்கமும் இருந்தன. மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. கறுத்த திரையில் வர்ணக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தன. பதினோரு நாளாக அவை நிற்கவில்லை.

சம்பத் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். பேச்சு வளர்ந்தது. "நீ இருந்தா இன்னா, போனா இன்னா" என்று பொன்னுரங்கம் கேட்டுவிட்டார். அவன் அறைக்குள் போய் இந்த லேப்டாப் முன் உட்கார்ந்தான். கால் மணி கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தண்டவாளத்தைத் தாண்டும்போது மின்சார ரயில் அடித்துவிட்டது.

விபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். தெரியாமல் குறுக்கே போனானா, தெரிந்தே போனானா? பொன்னுரங்கத்துக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அவன் கடைசியாகத் தட்டி வைத்தது இந்தத் திரைக்குப் பின்னால் இருந்தது. கீபோர்டில் எந்தக் கட்டையைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது. கரண்ட் போனால் எழுதியது மொத்தமும் அழிந்துவிடும் என்று எதிர்வீட்டு லெக்சரர் எச்சரித்திருந்தார். பதினோரு நாளில் கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. 1997-ல் தாம்பரம் பக்கம் அது நடக்கிற காரியமா? அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

இன்றைக்கு லைன்மேன் சின்னப்பன் கரண்டை நிறுத்திவிட்டு, போஸ்டிலிருந்து வரும் பழைய ஒயரை மாற்ற வருகிறார். பதினொரு மணிக்கு.

"யூ.பி.எஸ். ஒண்ணு வெச்சா ஆவாதா?"

"அதுல மாட்டணும்னாலும் ஒரு தபா பிளக்கைப் புடுங்கணும் சார். புடுங்குன நிமிஷமே செத்துடும்." சொல்லிவிட்டு ரசாக் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொன்னுரங்கத்துக்கு அந்த வார்த்தை உறைக்கவில்லை. "பாரு" என்றார்.

ரசாக் அடியில் இருந்த பேட்டரியை அலுங்காமல் உருவி எடுத்தான். பித்தளை முனைகளை ரப்பரால் தேய்த்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவே இல்லை.

"சுத்தமா உசுரு இல்ல. புதுசு சிங்கப்பூர்லேந்துதான் வரணும். வேணும்னா என் ஸ்கூட்டர் பேட்டரியக் கழட்டியாந்து இதுல ஒயர் குடுத்துப் பாக்கறேன். அரை மணி தாங்கும். நீங்க எதையும் தொடாதீங்க."

செத்த பேட்டரியை மேஜையிலேயே வைத்துவிட்டு வாசலுக்குப் போனான்.

பொன்னுரங்கம் தொட்டார். இந்தப் பதினோரு நாளும் அவர் செய்துவந்த வேலைதான் அது. மகன் மணிக்கட்டு ஊன்றும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். மெஷின் கதகதவென்றிருக்கும்.

மணி பத்தேகால். சின்னப்பன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார்.

மின்விசிறி நின்றது.

டியூப்லைட் அணைந்தது. பக்கத்து அறை ஃபிரிஜ் ஒரு குலுங்கு குலுங்கி ஓய்ந்தது.

திரை அணையவில்லை.

கோடுகள் மெல்ல நின்றன. பாஸ்வேர்டுக் கட்டம் வந்தது. அதில் தானாக நட்சத்திரங்கள் விழுந்தன. ஒன்று. இரண்டு. ஆறு. கட்டம் மறைந்தது.

பின்னால் வெள்ளைப் பக்கம் இருந்தது. அதில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. பதினோரு நாள் வெறும் தாளுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

ரசாக் ஸ்கூட்டர் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஓடி வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். திரையைப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த பேட்டரியைப் பார்த்தான். குனிந்து லேப்டாப்பின் அடியைப் பார்த்தான். பேட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது.

"சார், இது எதுல ஓடுது?"

கட்டைகளுக்கு மேலே சின்னக் கண்ணாடிப் பட்டை ஒன்று உண்டு. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது. பதினோரு நாளும் சைபர் காட்டிய பட்டையில் இப்போது எழுபது என்றிருந்தது.

அறுபத்தொன்பது.

"கையக் கொஞ்சம் தூக்குங்க" என்றான் ரசாக்.

பொன்னுரங்கம் ஒரு விரலைத் தூக்கினார். திரை மங்கியது. திரும்ப வைத்தார். வெளிச்சம் வந்தது. விரல்களில் உணர்ச்சி இல்லை, மணிக்கட்டிலும் இல்லை. ஐஸ் பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி முழங்கை வரைக்கும் மரத்திருந்தது.

அவர் திரையின் பக்கம் குனிந்தார்.

"தெரியாம போனியா, தெரிஞ்சே போனியா?"

கட்டைகள் எதுவும் அமுங்கவில்லை. எழுத்து மட்டும் வந்தது, தமிழ் வார்த்தைகள் இங்கிலீஷ் எழுத்தில், ஒவ்வொன்றாக.

ரயிலைப் பார்க்கவில்லை அப்பா.

நெஞ்சுக்குள் ஏதாவது இளகும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் இளகவில்லை. பட்டையில் நாற்பத்தொன்று.

கையை எடுக்காதீர்கள் அப்பா.

"சார், எடுத்துடுங்க. அது உங்களை உறிஞ்சுது சார்." ரசாக் அவர் தோளைப் பிடித்து இழுத்தான். தொட்ட கையை உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தோள்பட்டை சில்லிட்டிருந்தது. அவன் படியிறங்கி ஓடுவது கேட்டது.

முப்பது. இருபத்தெட்டு.

இன்னொரு கையையும் வையுங்கள் அப்பா.

பொன்னுரங்கம் அதை நிதானமாக வாசித்தார். பேச்சு வந்த நாளிலிருந்து சம்பத் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டான். கோபத்தில்கூட, கடிதத்தில்கூட அப்பா என்றதே இல்லை.

எழுதுவது சம்பத் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் உலகத்தில் வேறு யாரும் அவருக்கு இந்தப் பதிலைச் சொல்லவில்லை.

இடது கையையும் எடுத்து வைத்தார்.

தெருவில் ரசாக் கெஞ்சுவது கேட்டது. "சின்னப்பண்ணா, கரண்ட விடுண்ணா."

"ஒயரை அறுத்தாச்சுப்பா. அரை மணி ஆவும்."

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார்.

அரை மணி போதும் அப்பா.